விறகை எப்போது வெட்டினீர்கள்?

விறகு அடுப்பில் வீட்டைச் சூடேற்றும் குடும்பத்திலிருந்து யாராவது விடாத இருமலோடு வந்தால், நான் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் உண்டு: "விறகை எப்போது வெட்டினீர்கள்?" சிகரெட், ஆஸ்துமா, பார்க்கும் வேலை என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். "குளிர் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி டாக்டர். நல்லாத்தான் எரியுது, லேசாப் புகையும், அவ்வளவுதான்" என்பது வழக்கமாக வரும் பதில். அந்த லேசான புகைதான் அவரை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பொறுமையாக விளக்குவேன்.

நான் நுரையீரல் மருத்துவர். மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இன்ஹேலர் எழுதித் தருகிறேன், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தருகிறேன். ஆனால் இவர்களில் பலருக்கு மருந்தைவிடப் பெரிய உதவி செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அது குளிர் விட்ட கையோடு, வசந்தம் தொடங்கும்போதே, வீட்டுக் கொல்லையில் நடக்க வேண்டியது. மரத்தைத் துண்டு போட்டு, பிளந்து, காற்றோட்டமாக அடுக்கிவிட வேண்டும். கோடை முழுவதும் அது காய வேண்டும். இதை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போட்டால் எவ்வளவு நல்ல அடுப்பு வாங்கியும் பயனில்லை.

பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 2.3 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. அறைக்கு வரவேண்டிய சூடு நீராவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. அது பண நஷ்டம், விட்டுவிடலாம். உடம்புக்கு வரும் கேடு வேறு. மரம் சூடேறும்போது முதலில் வாயுக்களாகவும் தாராகவும் சிதைகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கட்டைக்குள் தண்ணீர் இருக்கிறவரை அதன் உட்பகுதி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், அடுப்பும் மந்தமாகவே எரியும். எரியாமல் தப்பிய வாயு, தார், கரித்துகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் புகை என்கிறோம். அதில் பென்சீன் இருக்கிறது, ஃபார்மால்டிஹைட் இருக்கிறது, பென்சோபைரீன் இருக்கிறது; மூன்றும் நச்சு வேதிப்பொருள்கள். துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட, சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. மூச்சுக்குழாய்களைத் தாண்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் கலக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டுக்குள் விறகு எரிப்பதால் வரும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டுதல். புகையும் அடுப்பு இருக்கும் அறை இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

புகை குறைந்தால் என்ன நடக்கும் என்று காட்டிய ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருக்கும் லான்செஸ்டன். பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் என்பதால் குளிர்காலப் புகை மேலே போகாமல் ஊரின் மேலேயே தங்கிவிடும். 2001இல் விறகு அடுப்புகளை மாற்ற உதவித்தொகை கொடுத்து, பிரசாரமும் செய்தார்கள். விறகில் சூடேற்றும் வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகின. குளிர்காலக் காற்றில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களின் சராசரி, கன மீட்டருக்கு 44 மைக்ரோகிராமிலிருந்து 27 ஆக இறங்கியது. அதற்கு முன்னும் பின்னுமான இறப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆண்களின் இறப்பு 11.4 சதவீதம் குறைந்திருந்தது. அடுப்பையே மாற்ற முடிந்தவர்கள் தாராளமாக மாற்றட்டும். முடியாதவர்கள் ஏராளம். விறகை நம்பித்தான் இருக்கிறோம் என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

விறகு 20 சதவீத ஈரத்துக்குக் கீழே வந்தால்தான் அடுப்புக்குத் தகுதி. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்கு இந்த அளவைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பைன் போன்ற மென்மரங்கள் நல்ல வெயிலும் காற்றும் கிடைத்தால் ஒரே கோடையில் இந்த நிலைக்கு வந்துவிடும். வைரம் பாய்ந்த ஓக் போன்றவற்றுக்கு இரண்டு கோடை கொடுங்கள். ஓக் அடுக்கியிருப்பவர்களிடம் நான் சொல்வது, இந்த வசந்தத்தில் பிளப்பது அடுத்த குளிருக்கு அல்ல, அதற்கும் அடுத்த குளிருக்கு என்பதுதான். ஆஷ் மரத்தில் இயல்பிலேயே ஈரம் குறைவு. அதனால் வெட்டியதும் எரிக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. அதையும் காயவைத்துத்தான் எரிக்க வேண்டும்.

முழு மரமாக வருடக்கணக்கில் கிடந்தாலும் மரம் காயாது. பட்டை ஈரத்தை விடாது. மரத்துக்குள் நீர் ஏறும் நாளங்கள் நீளவாக்கில் ஓடுவதால், வெட்டு முகம் வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் வெளியேறுவதைப்போலப் பல மடங்கு. எனவே முதலில் அடுப்பின் அளவுக்குத் துண்டு போடுங்கள். அடுத்து உடனே பிளந்துவிடுங்கள். பெரும்பாலான மரங்கள் பச்சையாக இருக்கும்போது எளிதாகவே பிளக்கும். காய்ந்து இறுகிய பிறகு கணு நிறைந்த கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நாலு விரற்கிடையிலிருந்து எட்டு விரற்கிடை அகலம்வரை போதும். அதற்கு மேல் தடியாக இருந்தால் வெளியே காய்ந்து உள்ளே பச்சையாகவே நிற்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், நுனியில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும் என்பார்கள். இவை உதவும், ஆனால் வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள்; நுனி முந்திக் காய்ந்து வெடித்துவிடும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் மாய்ஸ்ச்சர் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அதையும் சரியாகப் பயன்படுத்த வேண்டும். கட்டையின் வெளிப்புறத்திலோ நுனியிலோ ஊசியைக் குத்தினால் 15 என்று காட்டும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அதே கட்டையைக் கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நாரோட்டத்தின் திசையிலேயே இரண்டு ஊசிகளும் பதியும்படி அழுத்திப் பாருங்கள். 28, 30 என்று வரலாம். அந்த எண்தான் உண்மை. மீட்டர் இல்லாதவர்களுக்கு அடுப்பே சொல்லிவிடும்: கட்டையின் நுனியில் நுரை கட்டி, குமிழ் குமிழாகத் தண்ணீர் கசிந்து 'உஸ்' என்று சத்தம் வந்தால் அது எரிக்கக்கூடாத விறகு.

அடுக்குவதில் நடக்கும் பெரிய தவறு தார்ப்பாய். மழையில் நனைந்துவிடும் என்று பயந்து அடுக்கைத் தரைவரை இழுத்துப் போர்த்திவிடுகிறார்கள். விறகிலிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே வியர்த்து, கட்டைகள் மேல் பூஞ்சணம் பூக்கிறது. மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மண்ணோடு ஒட்டாமல் பேலட் எனும் சரக்கு அடுக்கும் மரத்தட்டின் மேலோ இரண்டு குறுக்குக் கட்டைகள் மேலோ அடுக்குங்கள். ஒற்றை வரிசையாக, வெயிலும் காற்றும் படும் பக்கம் பார்த்து, சுவரிலிருந்து ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு. பக்கத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால் இடுப்புயரத்துக்கு மேல் போக வேண்டாம். சரிந்து விழும் விறகின் எடை சாதாரணமல்ல.

பூஞ்சணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. 1932இல் அமெரிக்காவின் மிச்சிகனில், மேப்பிள் கட்டைகளின் பட்டையை உரித்த தொழிலாளர்களுக்குக் கடும் மூச்சுத்திணறல் வந்தது. பட்டைக்கு அடியில் கரும்பொடியாகப் படிந்திருந்த பூஞ்சை வித்துக்களே காரணம் என்று கண்டுபிடித்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே வகை ஒவ்வாமை நிமோனியாவைப் பூஞ்சணம் பிடித்த விறகு இன்றும் உண்டாக்க முடியும். அடையாளம் இதுதான்: விறகைக் கையாண்டு நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சிரைப்பு. மறுநாள் தேவலாம் போலிருக்கும். திரும்ப விறகெடுத்தால் திரும்ப வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், மாதக்கணக்கில் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அறைக்குள் வாரக்கணக்குக்கு விறகு சேர்த்து வைக்காதீர்கள். ஓரிரு நாளைக்குத் தேவையானது போதும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் பூஞ்சணம் பிடித்த கட்டை வாசலைத் தாண்டவே கூடாது.

பழைய விறகுக் கொட்டகையைச் சுத்தம் செய்வதும் வசந்தத்தில்தான் நடக்கிறது. எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலிகளிடமிருந்து பரவும் ஹன்டா வைரஸ் அந்தத் தூசியில் பறந்து மூச்சு வழியே உள்ளே போகிறது. கதவைத் திறந்து காற்றாட விட்டு, கிருமிநாசினியில் நன்றாக நனைத்து, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

காயங்கள் என் துறையல்ல என்றாலும், அவசரப் பிரிவில் இருக்கும் சக மருத்துவர்கள் இதை எழுதாமல் விடாதே என்பார்கள். செயின்சா என்ற மோட்டார் ரம்பத்தின் நீண்ட தகட்டு நுனியின் மேற்பாதி கட்டையில் பட்டால், இமைக்கும் நேரத்தில் ரம்பம் ஆளை நோக்கி எகிறும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக்கூடாது, காலுக்குத் தற்காப்பு உறை வேண்டும். அதன் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடமே வரம்பு என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. காதடைப்பான் இல்லாமல் தொடவே வேண்டாம். சம்மட்டியால் அடித்து அடித்துத் தலை மலர்ந்துபோன இரும்பு ஆப்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி. எண்ணெய் அழுத்தத்தில் விறகைப் பிளக்கும் இயந்திரமான ஹைட்ராலிக் பிளப்பானில் ஒருவர் கட்டையைப் பிடிக்க இன்னொருவர் லீவரை இழுப்பதுதான் விரல்கள் போவதற்கு முக்கியக் காரணம். கட்டையை வைப்பவரே லீவரையும் இயக்கட்டும், மற்றவர் தள்ளி நிற்கட்டும்.

என் நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. குளிர் முழுவதும் உட்கார்ந்தே இருந்துவிட்டு, முதல் வெயில் நாளில் கோடாலியைத் தூக்காதீர்கள். சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உள்ளவர்கள் பிளக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். அடுக்கும் வேலையை மெதுவாக, இடையிடையே உட்கார்ந்து செய்யலாம். நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் மிச்ச விறகு அப்படியே கிடக்கட்டும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

விறகைப் பொறுக்கும்போதே சிலவற்றை ஒதுக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, மருந்தேற்றிய பழைய வேலிக்கட்டை எதுவும் அடுப்புக்குப் போகக்கூடாது. பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். பாய்சன் ஐவி கொடி படர்ந்த கட்டையும் வேண்டாம். தோலைக் கொப்பளிக்க வைக்கும் அதன் எண்ணெய், புகையோடு சேர்ந்து மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும்.

இவ்வளவும் செய்து நன்றாகக் காய்ந்த விறகையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று படுக்கும்போது அடுப்பின் காற்றுவழியை அடைத்துவிடுவது. காற்று இல்லாமல் கனலும்போது காய்ந்த விறகும் பச்சை விறகு மாதிரியே புகையும். அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தாராகப் படியும். அது தீப்பற்றினால் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். வருடத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அடுப்பு ஓய்ந்திருக்கும் வசந்தம் இதற்கும் ஏற்ற காலம்.

தார் அடைத்த புகைபோக்கி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்கும் அறைக்கு அருகில் அதற்கான அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் அதை அஜீரணம் என்று ஒதுக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிட்டு அவசர உதவியை அழையுங்கள். மருத்துவமனைக்குப் போனதும், வீட்டில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே எண்ணி 98, 99 என்று காட்டும். நீங்கள் சொன்னால்தான் அதற்கான தனி ரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள்.