வட்டியைக் கேட்பதற்கு முன் பிளஸ் டூ வருடத்தைச் சொல்லுங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். ஆபீசில் எச்.ஆர். வரிச்சலுகைக்கு ப்ரூஃப் கேட்டிருப்பார்கள், வீட்டில் ஒன்றோ இரண்டோ வயதில் ஒரு குழந்தை இருக்கும், இரண்டுக்கும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டு "மேடம், பாப்பா பேர்ல எதுல போட்டா வட்டி அதிகம்?" என்பார்கள். குரோம்பேட்டையில் ஆடிட்டராக இருக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பாப்பா எந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள்?

பெரும்பாலும் பதில் வராது. விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள்.

அந்த வருடம் தெரியாமல் கணக்குத் திறப்பதில்தான் சிக்கல். மே மாதம் ரிசல்ட் வரும், அப்புறம் கவுன்சிலிங், சீட் கிடைத்தால் கொடுத்த கெடுவுக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். 8 சதவீதம் கிடைக்கிற கணக்கில் பணம் இருந்தும், அந்த வாரத்தில் எடுக்க முடியாவிட்டால் தனிநபர் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பெண் குழந்தை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது செல்வமகள் சேமிப்புத் திட்டம், அதாவது மத்திய அரசின் சுகன்யா சம்ருத்தி. 2015-ல் வந்தது, நல்ல திட்டம், எனக்கும் பிடிக்கும். வட்டி 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்குப் போடும் பணத்துக்கு வரிக்கழிவு இல்லையே தவிர, வரும் பணத்துக்கு வரி இல்லை என்பது அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் இதில் 15 வருடம் பணம் கட்ட வேண்டும், முதிர்வு 21-வது வருடத்தில். அந்த 21 கணக்கு திறந்த தேதியிலிருந்து எண்ணுவது, பெண்ணின் வயது இல்லை. பத்து வயதுக்குள் திறக்கலாம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஒன்பது வயதில் திறந்தால், பெண்ணுக்கு 30 வயது ஆகும்போதுதான் முதிரும். (பதினெட்டுக்கு மேல் கல்யாணம் என்றால் முன்னாடியே மூடலாம், ஆனால் நாம் படிப்புக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.)

படிப்புக்கு நடுவில் எடுக்க வழி இருக்கிறது. பெண் பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், அல்லது 18 வயது ஆகியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. அப்போதும் முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரைதான் எடுக்கலாம், அதுவும் கல்லூரி கேட்கும் கட்டணத்துக்கு மேல் போகாது, அட்மிஷன் கடிதமோ ஃபீஸ் சீட்டோ காட்ட வேண்டும். எண்ணாகவே பார்க்கலாம். குழந்தை பிறந்த உடனேயே திறந்து, மாதம் ஐயாயிரம் என்ற கணக்கில் வருடத்துக்கு 60,000 ரூபாயை ஆரம்பத்திலேயே போட்டு வருகிறீர்கள், வட்டியும் 8.2-லேயே நிற்கிறது என்று வையுங்கள். 21-வது வருடத்தில் 28 லட்சத்துக்கு மேல் வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த எண்தான். ஆனால் பெண் கல்லூரியில் சேரும் 17-வது வருடத்தில் இருப்பு 21 லட்சத்தை ஒட்டி இருக்கும், அதில் பாதி பத்து லட்சத்துச் சொச்சம். அதைத்தான் நீங்கள் நம்பலாம். இன்று பத்து லட்சம் ஆகிற படிப்பு, வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் 18 வருடத்தில் 40 லட்சம். வட்டியும் 8.2-லேயே நிற்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை, 2020 முதல் மூன்று வருடம் 7.6-தான் கொடுத்தார்கள். ஆகவே செல்வமகளைத் திறங்கள், அது ஒன்றே போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பையன் என்றால் தபால் நிலையத்தில் "பொன்மகன் பொதுவைப்பு நிதி" என்பார்கள். ஏதோ செல்வமகளுக்கு அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது நம் பழைய பி.பி.எஃப்.தான் (பப்ளிக் பிராவிடண்ட் ஃபண்ட், அரசின் 15 வருடச் சேமிப்புக் கணக்கு), தமிழ்நாட்டில் 2015-ல் இந்தப் பேர் வைத்தார்கள். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். பெண்ணுக்கும் திறக்கலாம். இங்கே நான் பார்ப்பது திறக்கிற மாதத்தை. கணக்கு திறந்த நிதியாண்டு முடிந்த பிறகு 15 வருடம் என்பதுதான் விதி. 2024 ஜூலையில் பிறந்த குழந்தை சாதாரணமாக 2042 மார்ச்சில் பிளஸ் டூ எழுதும். 2027 மார்ச் 31-க்குள் திறந்தால் 2042 ஏப்ரலில் மொத்தப் பணமும் கையில், கவுன்சிலிங்குக்குச் சரியாக. "ஏப்ரல்ல போனஸ் வரட்டும் மேடம், அப்புறம் திறக்கிறேன்" என்று ஒரே ஒரு வாரம் தள்ளினால் 2043. கையில் காசு இல்லையென்றால் 500 ரூபாய் போட்டாவது மார்ச்சில் திறந்துவிடுங்கள். அப்பாவின் பி.பி.எஃப்., அவர் கார்டியனாக இருக்கும் பிள்ளையின் பி.பி.எஃப்., இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஒன்றரை லட்சம் உச்சவரம்பு. தனித்தனியாக ஒன்றரை போடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன், மேல்பட்ட பணத்துக்கு வட்டி வராது. அப்புறம், இரண்டு திட்டத்திலும் பணம் மாதத்தின் 5-ம் தேதிக்குள் ஏறினால்தான் அந்த மாத வட்டி.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சைல்ட் பிளான் (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த பாலிசி) பற்றிக் கேட்பவர்களிடம் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவேன். வருடம் 50,000 வீதம் 15 வருடம் கட்டி, 20-வது வருட முடிவில் பதினாலரை லட்சம் தருகிறார்கள் என்று வையுங்கள். ஏழரை லட்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறதே என்று தோன்றும். வருட வட்டியாக மாற்றினால் 5 சதவீதம்தான் வருகிறது. அதே பணத்தை அதே தேதிகளில் பி.பி.எஃப்.பில் போட்டு, 20-வது வருடம் வரை நீட்டித்து வைத்திருந்தால் 7.1-லேயே 19 லட்சம். பெற்றோருக்கு ஏதாவது ஆனாலும் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்து பாலிசியை ஓட்டுகிற வசதி சிலவற்றில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குச் சம்பாதிக்கிற அப்பா பேரிலோ அம்மா பேரிலோ ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) எடுங்கள், செலவு மிகக் குறைவு. குழந்தை உயிர்மேல் காப்பீடு எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சென்ற வாரம்தான் வாங்கினேன் என்றால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரீ லுக் என்பது அதுதான், விற்றவர் அதை நினைவுபடுத்த மாட்டார்.

2024 செப்டம்பரில் குழந்தைகளுக்காக வந்த என்.பி.எஸ். வாத்சல்யா அடிப்படையில் ஓய்வூதியக் கணக்கு. கல்லூரிச் செலவுக்குத் தேடுகிறவர்களிடம் நான் அதைச் சொல்வதில்லை. தி.நகர் நகைச்சீட்டும் அப்படித்தான், போட்டுக்கொள்ளட்டும், ஆனால் நகையை விற்று ஃபீஸ் கட்டும்போது கொடுத்த சேதாரமும் செய்கூலியும் திரும்பி வராது.

பிளஸ் டூவுக்குப் பத்து, பதினைந்து வருடம் இருக்கிறவர்களுக்கு மீதிப் பணத்தைப் பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யில், அதாவது மாதா மாதம் ஒரு தொகையாக, போடச் சொல்வேன். உத்தரவாதம் கிடையாது, நடுவில் மூன்று வருடம் ஒன்றுமே ஏறாமல் கிடக்கலாம், ஆனால் எடுக்கிற தேதி நம் கையில். பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எஃப்.டி.க்கு மாற்ற ஆரம்பித்துவிட வேண்டும், சந்தை ஏறுகிறதே என்று பிளஸ் டூ வரை காத்திருக்கக் கூடாது. யார் பேரில் என்பதுதான் பெரிய கேள்வி. குழந்தை பேரில் போட்டால், விற்கும் பணம் குழந்தையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், 18 வயது ஆனதும் மைனர் என்பதை மேஜர் என்று மாற்றும் வரை எஸ்.ஐ.பி. உட்பட எல்லாம் நின்றுவிடும், அதற்குப் பிறகு அந்தப் பணம் சட்டப்படி பிள்ளையுடையது. பதினெட்டு வயதுப் பையன் படிப்புக்குப் பதில் பைக் வாங்கினால் நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தடுக்க முடியாது. உங்கள் பேரில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நீங்களே கார் வாங்க எடுத்துவிடுவீர்கள். உங்களை உங்களுக்குத் தெரியும், அதை வைத்து முடிவு செய்யுங்கள். வரி மிச்சமாகும் என்று குழந்தை பேரில் போடுகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். மைனர் பேரில் வரும் வட்டியும் லாபமும் அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வரிக் கணக்கில்தான் சேரும்.

தாத்தா பாட்டி திறந்து வைத்த கணக்குகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பேத்திமேல் உள்ள பாசத்தில் செல்வமகள் கணக்கைத் தாமே கார்டியனாக இருந்து தொடங்கியவர்கள் மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் நிறைய உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் அப்படி இருப்பதைப் பெற்றோர் பேருக்கோ சட்டப்படியான கார்டியன் பேருக்கோ மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதே மாற்றிவிடுங்கள், தாத்தா நடமாட்டமாக இருந்து கையெழுத்துப் போடும்போதே செய்வது சுலபம்.

கடைசியாக இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் "கவின்" என்று மட்டும், ஆதாரில் "செ. கவின்", பான் கார்டில் "கவின் செந்தில்குமார்". இந்த மூன்றும் ஒரே பையன் என்று கணினிக்குத் தெரியாது, நிராகரித்துவிடும். மாநகராட்சிச் சான்றிதழில் பேரைச் சேர்க்காமலேயே விட்டவர்களும் இருக்கிறார்கள், பிறந்த ஒரு வருடத்துக்குள் இலவசம், அப்புறம் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை. கணக்கு திறக்கப் போகும் முன் எந்த எழுத்துகளில் பேர் என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்து, எல்லா இடத்திலும் அதே மாதிரி மாற்றிக்கொண்டு போங்கள். ஆதாரையும் பான் கார்டையும் ஒரே வாரத்தில் திருத்தக் கொடுத்துவிட்டால் மார்ச் 31-க்குள் கணக்கு திறந்துவிடலாம்.