பச்சை விளக்கு எரிந்தது, கம்ப்ரசர் கருகியது

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, மாலை நாலரை மணி. அரிசோனாவின் மேற்கு எல்லையில், கொலராடோ ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு முகாம் திடல். வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. பீனிக்ஸிலிருந்து, உள்ளேயே தங்கும் வசதியுள்ள ஆர்.வி. டிரெய்லரை இழுத்துவந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, வண்டிகளைப் பழுதுபார்க்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தது. ஏ.சி.யில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. உள்ளே எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முதலில் அவரைக் காரில் ஏற்றி, கார் ஏ.சி.யைப் போடச் சொன்னேன். பிறகுதான் கருவிப் பெட்டியைத் திறந்தேன்.

கூரை ஏ.சி.யின் கம்ப்ரசர் போய்விட்டிருந்தது. அதன் கம்பிச் சுருளின் (காயில்) மின்தடை இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. உள்ளே காயில் கருகி ஷார்ட் ஆகியிருந்தது. மகன் என்னை வெளியே அழைத்துப் போய், திடலின் மின்பெட்டியில் மாட்டியிருந்த ஒரு சிறிய கறுப்புக் கருவியைக் காட்டினார். "பாதுகாப்புக் கருவி போட்டிருக்கிறேனே அண்ணா, பச்சை விளக்கு இப்போதும் எரிகிறதே?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் வாங்கியது மின்னல் போன்றவற்றால் வரும் திடீர் மிகை மின்னழுத்தத்தை (வோல்டேஜை) மட்டும் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர். மின்னழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் அது மின்சாரத்தைத் துண்டிக்காது. கடையில் இதுவும், குறைந்த அழுத்தத்தில் துண்டிக்கும் கருவியும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் தொங்குகின்றன. விலை குறைந்ததைக் கையில் எடுத்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்ப்ரசர் இல்லாததால், நான் எப்போதும் எடுத்துப்போகும் 1,500 வாட் ஹீட்டரையும் வண்டியின் வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் போட்டு 25 ஆம்பியர் அளவுக்குச் சுமை ஏற்றி அளந்தேன். சுமை ஏற்றுவதற்கு முன் மின்பெட்டியில் 109 வோல்ட். சுமையோடு 105. பிளக்கைத் தாண்டியதும் 101. இரண்டு கேபிள்களைக் கடந்து வண்டிக்குள் வந்தபோது 98. அமெரிக்காவில் சாக்கெட்டில் வரவேண்டியது 120 வோல்ட். கூரை ஏ.சி.யின் பெயர்த்தகட்டில் 115 என்று இருக்கும். அதில் பத்து சதவீதம் குறைந்தால் 103.5. அதற்குக் கீழே அந்த மோட்டாரை ஓட்டக்கூடாது.

இந்த 98-க்கு மூன்று இடங்களில் காரணம் இருந்தது: திடலின் வயரிங், பிளக், கேபிள். எனக்கு மிகவும் கவலை தந்தது நடுவில் இருந்த நான்கு வோல்ட். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் இடையே, விரல் நுனி அளவு இடத்தில் நான்கு வோல்ட் தொலைந்தால் அது எங்கே போகிறது? 25 ஆம்பியரோடு பெருக்கிப் பாருங்கள், 100 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று பிளக்குக்குள் எரிவதற்குச் சமம். தொட்டுப் பார்த்தேன், கையை வைத்திருக்க முடியவில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினால், மூன்று தகடுகளில் ஒன்று பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி உள்வாங்கியிருந்தது. எத்தனையோ வண்டிகள் செருகியும் பிடுங்கியும் சாக்கெட்டின் பிடிப்பு தளர்ந்துபோயிருந்தது. கம்ப்ரசர் போனது பணத்தோடு போயிற்று. அந்தப் பிளக் இன்னும் இரண்டு மணி நேரம் அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

30 ஆம்பியர் பிரேக்கர் ஏன் விழவில்லை என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. பிரேக்கருக்கு ஆம்பியர் மட்டும்தான் தெரியும், வோல்ட் தெரியாது. ஓடிக்கொண்டிருந்தது 25 ஆம்பியர்தான்.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு லோ வோல்டேஜ் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடை மாலையில் டியூப் லைட் மினுக்கும், மின்விசிறி தளர்ந்து சுற்றும், ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று மாறும். உடனே அம்மா ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார். ஆர்.வி. வண்டியில் அந்த அறிகுறி எதுவும் கிடைக்காது. விளக்குகள், கூரைக் காற்றாடி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. வெளியிலிருந்து வரும் அழுத்தம் 98-க்கு இறங்கினாலும் விளக்கு அதே பிரகாசத்தோடு எரியும். மேலே கம்ப்ரசர் மட்டும் யாருக்கும் தெரியாமல் தவிக்கும்.

மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 115-இல் ஓடவேண்டியதற்கு 98 கொடுத்தால், கிடைக்கும் விசை முக்கால் பங்குக்கும் குறைவு. ஆனால் தள்ளவேண்டிய வாயுவின் அழுத்தம் குறையவில்லை. வெயில் ஏற ஏற அது கூடுகிறது. எனவே மோட்டார் மேலும் மின்னோட்டத்தை இழுக்கிறது, காயில் சூடேறுகிறது. கிளம்பும் நொடி இன்னும் மோசம். ஓடும்போது 13 அல்லது 14 ஆம்பியர் எடுக்கும் கம்ப்ரசர், கிளம்பும்போது 50-க்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் மின்னழுத்தம் மேலும் விழும். கிளம்ப முடியாமல் உறுமி, உள்ளிருக்கும் வெப்பக் காப்பு துண்டித்து, ஆறி, மறுபடி முயன்று, மறுபடி உறுமி... ஒவ்வொரு முயற்சியிலும் காயிலின் மேல்பூச்சு கொஞ்சம் வெந்துபோகும். அன்று மதியம் முழுவதும் அதுதான் நடந்திருக்கிறது. "ஒரு உறுமல் கேட்டது, பிறகு 'டக்' என்றது" என்று அம்மா சரியாகச் சொன்னார்.

திடல்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பின் 551-ஆம் பிரிவில் முகாம் திடல்களுக்கான கணக்கு இருக்கிறது. வண்டி நிறுத்த 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்கள் உள்ள திடலில், மொத்தச் சுமையில் 41 சதவீதத்துக்கு வயரிங் போட்டால் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழுச் சுமையை இழுக்கமாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. வசந்த காலத்தில் அது உண்மை. ஜூலை மாதம் வார இறுதியில், மாலை நான்கு மணிக்கு, பாலைவனத்தில் எல்லாரும் இழுக்கத்தான் செய்கிறார்கள். இடம் நிறைந்திருக்கும் திடலில், வரிசையின் கடைசி மின்பெட்டிக்கு அடி விழும். அதனால் காலையில் வந்து இறங்கியவுடன் 121 என்று பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். மாலையில், ஏ.சி. ஓடும்போது, வண்டிக்குள் பாருங்கள். உள்ளே சாக்கெட்டில் செருகிவைக்கும் சிறிய வோல்ட்மீட்டர் 20 டாலருக்குள் கிடைக்கிறது. மின்பெட்டியின் உட்பக்கத்தை அளப்பது பழகியவர்கள் வேலை. நீங்கள் அதில் கை வைக்கவேண்டாம்.

கருவிக்குச் செலவு செய்வதாக இருந்தால், அழுத்தம் ஏறக்குறைய 104-க்குக் கீழே போனால் தானாகத் துண்டித்து, சரியான பிறகு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து இணைக்கும் மின் கண்காணிப்புக் கருவியை வாங்குங்கள். பெட்டியின் மேல் 'குறைந்த அழுத்தத்தில் துண்டிக்கும்' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்தக் காத்திருப்பும் முக்கியம். கம்ப்ரசருக்குள் வாயு அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் வேண்டும். கிளம்பும் இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் எனக்கு மிகவும் பிடித்த இரண்டாவது செலவு. அழுத்தத்தைப் பத்து சதவீதம் உயர்த்தித் தரும் ஆட்டோடிரான்ஸ்பார்மரையும் பலர் கேட்கிறார்கள். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இங்கே வோல்ட் கூடினால் அங்கே மின்பெட்டியில் ஆம்பியர் கூடும். தளர்ந்த சாக்கெட்டில் அதை மாட்டினால் அந்த நூறு வாட் இன்னும் பெருகும்.

50 ஆம்பியர் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு 120 வோல்ட் லைன் இரண்டு, இரண்டையும் பாருங்கள். ஒன்று 95-க்கு இறங்கும்போது மற்றொன்று 140-க்கு ஏறினால் அது லோ வோல்டேஜ் அல்ல, நியூட்ரல் விட்டிருக்கிறது. உடனே பிரேக்கரை அணையுங்கள். டி.வி.யும் மைக்ரோவேவும் நொடிகளில் போய்விடும்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றலாம். மைக்ரோவேவ் போடும் ஐந்து நிமிடம் ஏ.சி. ஓய்வெடுக்கட்டும். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 30 ஆம்பியருக்கு 10 கேஜ் தடிமன். தோட்டத்துக்குப் போடும் மெல்லிய ஆரஞ்சு வயர் வேண்டவே வேண்டாம். செருகுமுன் பிரேக்கரை அணையுங்கள். அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால், ஏ.சி. அணையும் நிலை வந்தால் எங்கே போவது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவையுங்கள்.

அந்தக் குடும்பத்துக்குப் புது ஏ.சி. பொருத்த ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று, பிளக்கையும் மாற்றினேன். செப்டம்பரில் வேறொரு திடலிலிருந்து மகன் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். "மாலை 5 மணி, 106. வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றினேன். இப்போது 110. பிளக் சுடவில்லை. அம்மா தூங்குகிறார்."