கம்பனிக்கு அனுப்பும் சுயவிபரக்கோவையில் எழுத வேண்டியதும் விட வேண்டியதும்

கொழும்பில் தனியார் துறை ஆட்சேர்ப்பில் பணியாற்றும் எனக்கு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், ஹற்றன் எனப் பல இடங்களிலிருந்தும் வரும் தமிழ் இளைஞர் யுவதிகளின் சுயவிபரக்கோவைகளைப் படிக்கும்போது ஒரு கவலை அடிக்கடி ஏற்படுகிறது. வேலையை நன்றாகச் செய்யக்கூடிய ஒருவர், அதைக் காட்டும் ஒரு வரியைக்கூட எழுதாமல், தம்முடைய மதம், தேர்தல் தொகுதி, கிராம அலுவலர் பிரிவு, தந்தையின் தொழில் ஆகியவற்றால் முதற்பக்கத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்.

இந்தப் பழக்கத்தின் காரணம் விளங்காததன்று. நம் வீடுகளில் வேலை என்றாலே முதலில் அரச வேலைதான். வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியைப் பார்த்து, அதிலுள்ள மாதிரிப் படிவத்தின்படி எல்லாவற்றையும் எழுதி, கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பும் முறையையே மூத்தவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அரச விண்ணப்பத்துக்கு அதுவே சரியான முறை; கேட்ட விபரம் ஒன்று விடுபட்டாலும் அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தனியார் கம்பனிகள் பலவற்றில் அவ்வாறான படிவம் எதுவும் இல்லை. விளம்பரத்தில் சொல்லப்பட்ட வேலையை இவரால் செய்ய முடியுமா என்ற கேள்வியோடுதான் நாங்கள் உங்கள் சுயவிபரக்கோவையைத் திறக்கிறோம். முதற்பக்கத்தின் மேற்பாதியில் அதற்கு விடை கிடைக்காவிட்டால், குவிந்து கிடக்கும் மற்ற விண்ணப்பங்கள் எங்கள் கவனத்தை எடுத்துக்கொள்கின்றன.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டில் நீங்கள் பிறந்த நாளையும் குறிக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படுகிறது. ஆகவே வயதையும் பாலினத்தையும் எழுதாமல் விட்டாலும், அந்த இலக்கத்தை எழுதியவுடன் இரண்டும் வெளியாகிவிடுகின்றன. முன்பின் தெரியாத மின்னஞ்சல் முகவரிகளுக்கும் வாட்ஸ்அப் இலக்கங்களுக்கும் இதனை அடையாள அட்டையின் படத்தோடு சேர்த்து அனுப்பும் பிள்ளைகளைக் காணும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவையே பெற வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அடையாள அட்டை இலக்கம் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுக்குத் தேவைப்படும். அதை வேலை உறுதியான பின்னர் கொடுத்தால் போதும். விண்ணப்பிக்கும்போது பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், வசிக்கும் நகரம் ஆகியவையே போதுமானவை.

இனி, எழுத வேண்டியது. பெரும்பாலானோர் மிக மெலிதாக எழுதிவிட்டு நகரும் பகுதி, செய்த வேலையைப் பற்றியது. உயர்தரப் பெறுபேறு வரும்வரை மாமாவின் பலசரக்குக் கடையில் நின்ற ஒருவர், அது ஒரு வேலையா என்று கூச்சப்பட்டு அதை எழுதவே மாட்டார். எழுதுபவரும் ‘காசாளர், ஓராண்டு’ என்று மட்டும் எழுதுவார். அவர் ஒவ்வோர் இரவும் விற்பனைக் கணக்கை முடித்து, மறுநாள் காலையில் பணத்தை வங்கியில் வைப்பிலிட்டு, விநியோகத்தர்களின் பட்டியல்களை எக்செல்லில் பதிந்து, குறையும் பொருட்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தால், அதை அப்படியே எழுத வேண்டும். கணக்குப் பிரிவில் ஒரு பயிலுநரைத் தேடும் எனக்கு, இணையத்திலிருந்து எடுத்த ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயற்படக்கூடியவர், சவால்களை விரும்புபவர்’ என்ற பந்தியைவிட அந்த நான்கு வேலைகளும் பல மடங்கு பெறுமதியானவை. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தரும் அறிமுகப் பந்திகளும் ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கின்றன. நேர்முகப் பரீட்சையில் அந்தப் பந்தியிலுள்ள ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால், எழுதியவர் தடுமாறுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. செயலியிடம் ஆங்கிலப் பிழை திருத்தக் கேளுங்கள். ஆனால் விடயம் உங்களுடையதாக இருக்கட்டும்.

மொழித் திறனையும் நம்மவர்கள் வீணடிக்கிறார்கள். வங்கி, காப்புறுதி, வாடிக்கையாளர் சேவை நிலையம், மருந்து விற்பனை போன்ற துறைகளில் மூன்று மொழியும் தெரிந்த ஒருவருக்குக் கொழும்பில் உண்மையான தேவை இருக்கிறது. இருந்தும் ‘தமிழ், சிங்களம், ஆங்கிலம்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். சிங்களத்தில் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேச முடியும் ஆனால் எழுத முடியாது, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத முடியும் ஆனால் பேசுவதில் இன்னும் தயக்கம் உண்டு என்றால், அதை அவ்வாறே குறிப்பிடுவது உங்களுக்கே நன்மை; எந்தப் பிரிவில் உங்களை அமர்த்தலாம் என்று எங்களால் தீர்மானிக்க முடிகிறது.

ஆண்டுகளில் கவனம் தேவை. 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 ஜனவரியிலுமே தொடங்கின. பரீட்சை ஆண்டை மட்டும் எழுதினால், இடையில் ஓராண்டு காரணமின்றி வெறுமையாக இருந்ததுபோலத் தோன்றும். தோற்றிய மாதத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் சந்தேகம் எழாது. நோயாளியான பெற்றோரைப் பராமரித்த காலமானாலும், பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த காலமானாலும், ஒரு வரியில் நேராகச் சொல்லலாம். திகதிகளை நீட்டி அந்த இடைவெளியை மறைக்க முயன்றால், பழைய நிறுவனத்தின் சேவைச் சான்றிதழைக் கேட்கும் நாளில் அது வெளிப்பட்டுவிடும்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மென்பொருள். இரட்டை நிரல், வரைபடம், நட்சத்திரக் குறிகளால் காட்டிய திறன் அளவு போன்றவற்றை அது பிழையாக வாசிக்கக்கூடும். ஒரே நிரலில், இரண்டு பக்கங்களுக்குள், பீ.டி.எப். கோப்பாக, உங்கள் பெயரையும் பதவியின் பெயரையும் கோப்பின் பெயராக இட்டு அனுப்புங்கள்.

பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது நம்மவர்களிடையே சாதாரணம். அடையாள அட்டையில் உள்ளதையே பின்பற்றி, வேறுபாட்டை அழைப்பு வந்தவுடன் மனிதவளப் பிரிவுக்குத் தெரிவித்துவிடலாம். உறவினரல்லாத இருவரைப் பரிந்துரைப்பாளர்களாகக் குறிப்பிடுவதாயின், எந்தக் கம்பனிக்கு, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். நாங்கள் தொலைபேசியில் அழைக்கும்போது, ‘யார் அந்தப் பிள்ளை, எந்த வருடம் படித்தவர்?’ என்று ஓய்வுபெற்ற அதிபர் எங்களிடமே திருப்பிக் கேட்கும் நிலை அப்போது வராது.