ஒரு தட்டு எக் ஃப்ரைட் ரைஸில் தெரிந்துவிடும்

பெங்களூரில் புதிதாக ஒரு சைனீஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் சாதா எக் ஃப்ரைட் ரைஸ் சொல்லுங்கள். ஷெஸ்வான் வேண்டாம். கோபி மஞ்சூரியனில் இருக்கும் குறையைச் சாஸ் மூடிவிடும். சோறு, முட்டை, எண்ணெய், வெங்காயத்தாள், கொஞ்சம் சோயா சாஸ் மட்டும் இருக்கும் தட்டில் எதையும் மறைக்க முடியாது. இதில் சமையல்காரர் படும் பாடெல்லாம் தண்ணீரோடுதான்.

அரிசி வேகும்போது அதன் மாப்பொருள் சுமார் 60 முதல் 80 டிகிரிக்குள் நீரை இழுத்து வீங்குகிறது. அதிலுள்ள அமைலோஸ் என்ற இழை போன்ற மூலக்கூறு கொஞ்சம் வெளியே கசிந்து பசையாகிறது. சுடுசோற்றை அப்படியே கடாயில் கொட்டினால் கட்டி கட்டும். கரண்டியால் உடைத்தால் பருக்கை நொறுங்கி இன்னும் மாவு வெளியே வரும். சோற்றை ஆறவைத்து 4 டிகிரியில் ஃப்ரிட்ஜில் வைத்தால், சில மணி நேரத்தில் அமைலோஸ் இழைகள் மறுபடி நெருங்கி அடுக்காகிவிடும், பருக்கை விறைக்கும். பழைய சோறு கேட்பது இதற்காகத்தான். ஆனாலும் மேற்பரப்பு உலர்வது அதே அளவு முக்கியம். நேரமில்லையென்றால், வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃபேன் காற்றில் விட்டாலே போதிய அளவு உதிரியாகும்.

பாஸ்மதி இதற்குச் சுலபம். சோனா மசூரியை ஒரு பதம் குறைவாக வேகவைத்து வடிக்க வேண்டும். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. சென்னைக் கணக்கில் அடுப்பை அணைத்தால் நடுவில் அரிசி நிற்கும். அதற்குப் பயந்து தண்ணீரைக் கூட்டி ஊற்றினால் சோறு குழையும். நேரத்தைத்தான் சற்று நீட்ட வேண்டும்.

பழைய சோறு என்றால் அடுப்பங்கரையில் மணிக்கணக்கில் கிடந்த சோறு அல்ல. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, வெதுவெதுப்பான சோற்றில் முளைக்கின்றன. அவை சுரக்கும் வாந்தி நஞ்சை வறுக்கும் சூடு அழிப்பதில்லை, வாடையும் காட்டிக்கொடுக்காது. ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது தீ. 300 கிராம் சோற்றிலிருந்து 30 கிராம் நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 68,000 ஜூல் வேண்டும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. குளிர்ந்த சோற்றைச் சூடேற்றுவது தனி. வீட்டு பர்னர் தருவது சுமார் 2 கிலோவாட். ஓட்டல் சைனீஸ் அடுப்பு அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அங்கேயும் மூன்று பிளேட்டை ஒரே கடாயில் போட்டால் இரும்பின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் அவியும். சூடில்லாத கடாயில் சோறு ஒட்டும், ஒட்டாமல் இருக்க எண்ணெய் ஊற்றுவார்கள். தட்டின் அடியில் எண்ணெய் தேங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தூக்கிப் போட்டு வறுப்பது வித்தைக்காக அல்ல. ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தேர்ந்த சமையல்காரர் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை சோற்றைத் தூக்கிப் போடுகிறார். கடாயை அடுப்பின் விளிம்பில் சாய்த்தபடி முன்னும் பின்னும் தள்ளுவதுதான் நுட்பம். பறக்கும் பருக்கை காற்றில் ஈரத்தை விடுகிறது, கருகுமுன் இரும்பை விட்டு விலகுகிறது. தெறிக்கும் எண்ணெய்த்துளி தீயில் பொசுங்கும்போது எழும் லேசான புகைவாசம்தான் கான்டனீஸ்காரர்கள் வோக் ஹெய் என்பது.

சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றினால் தட்டு முழுக்க ஒரே ஈரப் பழுப்பாகிவிடும். ஒரு டீஸ்பூனை கடாயின் சூடான ஓரத்தில் விட்டால் நீர் சட்டென்று பறந்து, சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து மணம் வரும். நல்ல தட்டில் நிறம் திட்டுத் திட்டாக இருக்கும். முட்டையை முக்கால் பதத்தில் எடுத்துவைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். மீறி வெந்தால் புரதம் இறுகி, உள்ளிருக்கும் நீரைச் சோற்றுக்குள்ளேயே பிழிந்துவிடும்.

பார்சல் வாங்கி எந்தக் கடையையும் எடை போடாதீர்கள். மூடிய டப்பாவில் ஆவி குளிர்ந்து, விரட்டிய தண்ணீரெல்லாம் சோற்றுக்கே சொட்டும். கடையிலேயே, தட்டு வந்த சூட்டில், கரண்டி முதுகால் குவியலை லேசாக அழுத்திப் பாருங்கள். உதிர்ந்து சரிந்தால் அடுத்த ஐட்டம் சொல்லலாம்.