‘யார் யாரிடம் கூறியது?’ மனப்பாடக் கேள்வி அன்று

“கடகடவென்று வாசிக்கிறான், ‘யார் யாரிடம் கூறியது’ பகுதியில் மட்டும் மதிப்பெண் போய்விடுகிறது. விடைகளை எழுதிக் கொடுத்தால் மனப்பாடம் செய்ய வைத்துவிடுவேன்” என்று, பெங்களூரு அல்சூரில் நான் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு இம்மாதம் வந்து கேட்ட பெற்றோர் நான்கு பேர். நான்காமவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன்.

விடையை உருப்போட்ட குழந்தை அந்த ஒரு பாடத்தில் மதிப்பெண் வாங்கும். அடுத்த கதையைப் பேசுவது யாரென்று தெரியாமலேயே கடைசிப் பக்கம் வரை பிழையின்றி வாசித்துவிடும். அவருடைய மகனுக்கு மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தேன்.

“ஆற்றுப் பக்கம் வருகிறீர்களா?” என்று கிழட்டு ஆமையைக் கேட்டது அணில்.
“மழை விட்டதும் வருகிறேன்.”
“நீங்கள் வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுமே!”

தங்குதடையின்றி வாசித்தான். இரண்டாம் வரியைச் சொன்னது யார் என்று கேட்டதும், அவனுடைய விரல் மேலே ஏறி, அருகில் இருந்த ‘அணில்’ என்ற பெயரில் நின்றது. மூன்றாம் வரிக்கும் அணில்தான் என்றான். அது சரியான விடை, ஆனால் காரணம் கேட்டபோது விழித்தான். வயதில் மூத்ததை ‘நீங்கள்’ என்று அழைப்பது யார் என்று அவன் யோசிக்கவே இல்லை.

மனிதர் வரும் கதையில் என்றான், என்றாள் என்னும் விகுதியே பாதி வேலையைச் செய்துவிடும். எளிது என்று நாம் தேடி வாங்கும் விலங்குக் கதைகளிலோ எல்லாமே ‘என்றது’தான். கன்னடம் கலந்து குழப்புகிறது என்று சொல்வதும் பொருந்தாது. அங்கும் அணிலுக்கும் ஆமைக்கும் ஒரே வினைமுற்றுத்தான். குறுந்தொகையிலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அந்தத் துணை வேண்டியிருந்தபோது, எட்டு வயதுக் குழந்தையிடம் மட்டும் ஏன் இத்தனை அவசரம்?

குரலை மாற்றி மாற்றி நடித்துக் கதை சொல்வதை உறங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது அது வேண்டாம். குழந்தை உங்கள் குரலைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கிறதே தவிர, எழுத்தைக் கொண்டு அன்று. ஒருவர் பேச்சுக்கு ஒரு நிறமாக, இரண்டு வண்ணப் பென்சில்களால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ‘யார்’ என்பதற்கு முன் ‘யாரிடம்’ என்று கேளுங்கள். விடை சரியாகவே இருந்தாலும், எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுத்தது என்று தொட்டுக் காட்டும்வரை தயவுசெய்து அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.