ஸ்டீம்பங்க்: நீராவியும் ஊக்கும் சேர்ந்த சொல்

பெட்ரோலும் மின்சாரமும் உலகத்தைப் பிடித்துக்கொள்ளாமல், நீராவியே கடைசிவரை ஆண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியிலிருந்து கிளம்புகிற கதை, ஓவியம், உடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்டீம்பங்க் என்று பெயர். பித்தளைக் குழாய்கள் ஓடும் ஆகாயக் கப்பல், பற்சக்கரத்தில் இயங்கும் கணினி, அதை இயக்குகிறவர் தலையில் உயரமான தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட காகிள்ஸ் கண்ணாடி. காலம் பெரும்பாலும் விக்டோரியா ராணியின் ஆட்சி, அதாவது 1837 முதல் 1901 வரை. இடம் பெரும்பாலும் லண்டன்.

சொல்லுக்குப் பிறந்த தேதி இருக்கிறது. அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான லோகஸில், 1987 ஏப்ரலில், எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டரின் கடிதம் ஒன்று வெளிவந்தது. தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிவந்த விக்டோரியா காலக் கற்பனைகளை மனதில் வைத்து, எங்களுக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும், அந்தக் காலத் தொழில்நுட்பத்தை ஒட்டி ‘ஸ்டீம்-பங்க்ஸ்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று பாதி விளையாட்டாக எழுதியிருந்தார். அப்போது அது கதை வகையின் பெயர் அல்ல, எழுதுகிற ஆட்களின் பெயர். கணினிகள் ஆளும் எதிர்காலக் கதைகளைக் குறிக்கும் சைபர்பங்க் என்ற சொல் அந்த நாட்களில் எல்லார் வாயிலும் இருந்தது. 1983இல் புரூஸ் பெத்கே தன் சிறுகதைக்குத் தலைப்பாக வைத்தது அது. சைபரை எடுத்துவிட்டு ஸ்டீமை வைத்தார் ஜீட்டர், அவ்வளவுதான். ஆக, பங்க் என்ற பின்பாதி எதிரொலியாக வந்து ஒட்டிக்கொண்டதே தவிர, தனியாக யோசித்து வைத்தது அல்ல.

ஆனால் அந்தப் பின்பாதிக்குத்தான் நீண்ட வரலாறு. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் பங்க் என்றால் விலைமகள். பிற்பாடு அமெரிக்கப் பேச்சில் உதவாக்கரை, சில்லறை ரவுடி என்று பொருள் மாறியது. 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய முரட்டு இசைக்கு அந்த வசைச்சொல்லையே பெயராகச் சூட்டினார்கள். லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவர் கூட்டாளி மால்கம் மெக்லாரனும் நடத்திய கடையிலிருந்து அந்த இசைக்கு ஒரு உடையும் வந்தது. கிழிந்த சட்டை, அதைப் பிடித்து நிறுத்தும் ஊக்கு. கடையில் வாங்கியதை வாங்கியபடி போடாதே, வெட்டு, கிழி, சேர்த்துக் கட்டு, உன்னுடையதாக்கு என்பது அந்த உடையின் பேச்சு.

ஸ்டீம்பங்க் ஏட்டிலிருந்து உடம்புக்கு இறங்கியபோது இந்தப் பொருள் உயிர்பெற்றது. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஸ்டீம்பங்க் கண்காட்சி ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அசைலம் என்ற திருவிழாவும் தொடங்கியது. அந்த மாதிரி விழாக்களுக்கு ஆயத்த உடை வாங்கியும் போகலாம். என் கண்ணுக்கு, பழந்துணிக் கடையில் தேடியெடுத்து, ஊசிநூல் தொடாமல் தானே செய்துகொண்டவரின் உடைதான் அந்தப் பெயருக்கு முழு உரிமை உடையது. இதைத் தையல் தெரியாதவர்களுக்கான குறுக்குவழி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு பாவாடையை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா காலத்தின் பிற்பகுதியில் பெண்கள் பாவாடையின் பின்பக்கம் துணியை உயர்த்திப் புடைப்பாக அணிந்தார்கள். பசில் என்று அதற்குப் பெயர். பழைய துணிக்கடையில் கணுக்கால் வரை வரும் அகலமான பாவாடை ஒன்று போதும். பின்புறத்தில் இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே துணியைக் கொசுவிப் பிடித்து, உள்பக்கமாக இடுப்புப் பட்டையோடு ஊக்கால் குத்த வேண்டும். இப்படி இரண்டு மூன்று இடத்தில் செய்தால் துணி தானாகவே அடுக்கடுக்காகத் தொங்கும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவைக்க நினைத்தால், கால்சட்டையைத் தோளிலிருந்து பிடித்து நிறுத்தும் சஸ்பெண்டர் வாரின் கிளிப்பை இடுப்பிலிருந்து தொங்கவிட்டு ஓரத்தைக் கவ்வச் செய்யலாம். இது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. சேற்றில் பாவாடை புரளாமல் இருக்க, இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கும் இடுக்கி ஒன்றை அந்தக் காலப் பெண்களே வைத்திருந்தார்கள்.

ஊக்கின் கதை இன்னும் அழகு. இன்று நாம் பயன்படுத்தும் ஊக்குக்கு நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் 1849இல் காப்புரிமை பெற்றார். அவரே அதற்குமுன் 1830களில் தையல் இயந்திரம் ஒன்றையும் செய்து பார்த்தவர். அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். 1849 என்றால் விக்டோரியா அரசியாகிப் பன்னிரண்டு ஆண்டு. ஆக, ஸ்டீம் பாதிக்கும் பங்க் பாதிக்கும் பொதுவான ஒரே பொருள் ஊக்குதான்.

துணி தேர்விலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெட்டிய ஓரம் பிரியும் துணியானால் மடித்துத் தைத்தே ஆகவேண்டும். தோலும், நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணியான ஃபெல்ட்டும் பிரியாது. அதனால் கிழிந்துபோன தோல் ஜாக்கெட் ஒன்று கிடைத்தால் விடக்கூடாது. ஜாக்கெட்டின் கையை முழங்கைக்குக் கீழே வெட்டியெடுத்தால் மணிக்கட்டுக் காப்பு ஆயிற்று. மிச்சத் தோலில் கணுக்காலுக்கு உறையும் வரும். கோட்டுக்கு உள்ளே ஆண்கள் போடும் கையில்லாத வெயிஸ்ட்கோட் சற்றுப் பெரிதாகக் கிடைத்தால் முதுகில் நாடா கோக்கும் துளைகளுக்கான ஐலெட் வளையங்களை இரு வரிசையாக அடித்து, ஷூ நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காகிள்ஸுக்கு ஒரு நீச்சல் கண்ணாடி போதும். அதன் சட்டத்துக்கு முதலில் உப்புத்தாள் தேய்த்து, கறுப்பு வண்ணம் பூசி, காய்ந்த பிறகு ஈரமில்லாத தூரிகையால் மேடுகளில் மட்டும் பொன்னிறத்தைத் தடவினால் பழம்பித்தளை மாதிரியே இருக்கும். அப்புறம், எல்லாம் பழுப்பாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து அந்தக் காலத்து உடைகளில் பளிச்சென்ற நிறங்கள் தாராளம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாதி மொழிபெயர்த்து ‘நீராவிப் பங்க்’ என்று எழுதுவதுதான் இருப்பதில் மோசமானது. நமக்கு பங்க் என்றால் பெட்ரோல் போடுகிற இடம். ‘ஆவி’ என்று சுருக்கினால் பேய்க்கதை ஆகிவிடும். ‘நீராவிக் கலகம்’ என்றால் ரயில்வே தொழிலாளர் போராட்டம்தான் நினைவுக்கு வரும்.

கதை வகைக்கு ‘நீராவிக்காலக் கற்பனை’ பொருத்தம். காலம் வந்துவிடுகிறது, நடக்காத ஒன்று என்பதும் வந்துவிடுகிறது. உடைக்கு ‘நீராவிக்கால வேடம்’. வேடம் என்றாலே கட்டுவது. வேடம் கட்டினார் என்றுதான் சொல்கிறோம், தைத்தார் என்று அல்ல. துண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிற பங்க் பாதி அந்த வினையிலேயே வந்துவிடுகிறது. ‘ஸ்டீம்பங்க் உடை’ என்பதைவிட ‘நீராவிக்கால வேடம்’ எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். இயக்கத்தையும் அதில் இருக்கும் ஆட்களையும் குறிக்கும்போது மட்டும் ஸ்டீம்பங்க் என்றே எழுதலாம்; ஜீட்டர் வைத்தது ஆட்பெயர்தானே.

கூடவே, இந்த வேடத்துக்குத் துணி தேடும் இடத்துக்கான இன்னொரு சொல்: அமெரிக்கர்களின் திரிஃப்ட் ஸ்டோர். திரிஃப்ட் என்றால் சிக்கனம் என்று பார்த்து ‘சிக்கனக் கடை’ என்று பெயர்க்கிறார்கள். மலிவு விலை மளிகைக்கடை என்றே படிப்பவருக்குத் தோன்றும். மக்கள் கொடையாகத் தந்த துணியை விற்று, வரும் பணத்தில் நற்பணி செய்யும் கடைகள் இவற்றில் பல. 1902இல் பாஸ்டனில் தொடங்கிய குட்வில் அப்படிப்பட்டது. அந்த வகைக்குக் ‘கொடைத்துணிக் கடை’ என்றும், பொதுவாகச் சொல்லும்போது ‘பழந்துணிக் கடை’ என்றும் எழுதினால் போதும்.