நல்ல ரோட்டுக்கு ஏன் முதலில் தார்?

"எங்கள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. நன்றாயிருக்கிற பக்கத்துத் தெருவில் போய்த் தார் ஊற்றுகிறார்களே!" அமெரிக்கக் கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) பொதுப்பணித் துறை வழக்கமாகக் கேட்கிற புகார் இது. கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு வேறு.

வெடிப்பு, பள்ளம், சக்கரத் தடம் எல்லாம் அளந்து ரோட்டுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். தார் ரோடு சில வருடம் மெதுவாகக் கெடும். பிறகு மளமளவென்று இறங்கும். அதற்கு முன்பே வெடிப்பை அடைத்து, தார்க் குழம்பு தெளித்து, பொடிஜல்லி தூவி உருட்டிவிட்டால் செலவு சொற்பம். அடித்தளம் போனபின் தோண்டிப் போடுகிற பணத்தில் பல மைல் நல்ல ரோட்டைக் காப்பாற்றியிருக்கலாம்.

ரோட்டுக்கு எமன் தண்ணீர். வெடிப்பு வழியே இறங்கி அடிமண்ணை இளக்கும். குளிரில் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருத்து மேலே தள்ளும். உருகியதும் அடியில் வெற்றிடம். அடுத்த லாரி ஏறினால் பள்ளம்.

ஈரக் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டுவது குளிர்கால அவசரத்துக்குச் சரி. நிற்க வேண்டுமென்றால் உறுதியான தார் வரும்வரை ஓரங்களைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சேறும் தண்ணீரும் போய், அடியிலும் பக்கங்களிலும் ஒட்டுத்தார் பூசி, சூடான கலவையை அடுக்கடுக்காய் இடித்து, ரோட்டை விடச் சற்றே மேடாக முடிக்க வேண்டும். வண்டிகள் ஏறஏற அது படியும். ஒட்டுத்தாரை விட்டுவிட்டால் ஓரம்தான் முதலில் பெயரும்.

பலரும் கோட்டை விடுவது, தண்ணீர் கடந்து போக ரோட்டுக்கு அடியில் பதித்த தகரக் குழாய்களில். தண்ணீர் உரசும் அடிப்பாகம்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும்; மண் கரைந்து, மேலே ரோடு லேசாகக் குழியும். 1967 டிசம்பர் 15-ல் ஒஹாயோ நதியின் சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்த பிறகுதான் நாடு முழுக்கப் பாலச் சோதனை கட்டாயமானது. அந்த விதி 20 அடிக்கு மேல் நீளமானவற்றுக்கு மட்டுமே. சின்னக் குழாய்களைக் கவுண்டி தானாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

புகார் செய்யுமுன் ரோடு யாருடையது என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்குள் மட்டும் 88 நகரங்கள். நகரத் தெருவுக்கு நகராட்சி, மாநில நெடுஞ்சாலைக்கு மாநிலம், எந்த நகரத்திலும் சேராத பகுதிக்குக் கவுண்டி. குறுக்குத் தெருவின் பெயர், எந்தத் திசை, எந்த லேன், பள்ளத்தின் அகலம் ஆகியவற்றை எழுதுங்கள். இலைகளைச் சாக்கடை ஓரம் தள்ளாதீர்கள். வேலிக்குக் குழி தோண்டுவதாயிருந்தால் சில நாள் முன்னதாக 811-ஐ அழையுங்கள். அடியில் போகும் கேஸ் குழாயையும் கேபிளையும் இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.